அச்சும் அதன் காவலும்

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்துள்ள பெண்ணாடம் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது தூங்கானை மாடம். படுத்திருக்கும் யானையின் முதுகைப் போல் பின்புறம் வளைந்த விமானத்தை உடைய கோயில் அது. ஆனால் இக்கட்டுரையில் நாம் பார்க்கப்போவது கோயிலை அன்று. அந்த ஊரைச் சுற்றியுள்ள நெல் வயல்களில், நடவுக்கு முன் டிராக்டரின் பின்னால் சேற்றைக் கலக்கிக்கொண்டு போகிறதே, ரோட்டவேட்டர் என்னும் சுழல் கலப்பை, அதன் அச்சின் ஒரு முனையை.

நடவுப் பருவத்தில் இப்படி ஒரு காட்சியை எந்தப் பட்டறையிலும் நீங்கள் காணலாம். சுழல் கலப்பையின் ஒரு பக்கம் கரகரவென்று சத்தம் போடுகிறது. கழற்றிப் பார்த்தால் பேரிங்கின் குண்டுகள் துருவேறிச் சொத்தைப் பல்லைப்போல் இருக்கின்றன. வண்டிக்காரர் அவசரப்படுகிறார்: "அண்ணே, பேரிங்கை மட்டும் மாத்திக் குடுங்க. நாளைக்கு நடவு." மெக்கானிக் தலையை ஆட்டுகிறார்: "சீலை மாத்தாம பேரிங்கை மட்டும் மாத்தினா பத்து நாள் தாங்காது, தம்பி."

யார் சொல்வது சரி? மெக்கானிக் சொல்வதுதான். ஏன் என்பதை அறிய வேண்டுமானால் நாம் மாட்டு வண்டிக் காலத்துக்குப் போக வேண்டும்.

உமணரும் சேம அச்சும்

சங்க காலத்தில் உமணர் எனப்பட்ட உப்பு வணிகர்கள் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வண்டிகளில் உப்பு ஏற்றிச் சென்றனர். வழியில் மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என்ன செய்வது? வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டி எடுத்துச் சென்றார்கள். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் இதை உவமையாகக் கூறுகிறார். இன்று நாம் காரில் மாற்றுச் சக்கரம் வைத்துக்கொள்கிறோம் அல்லவா, அதற்கு இது இரண்டாயிரம் ஆண்டு மூத்தது.

மாட்டு வண்டியின் சக்கரத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டா. குடத்தின் துளைக்குள் அச்சு நுழைந்திருக்கும். சக்கரம் கழன்று விடாமல் வெளியே கடையாணி. இங்கே அச்சு நிலையாக நிற்கிறது. குடம் அதன்மேல் சறுக்கிக்கொண்டு சுற்றுகிறது. பளு முழுவதும் அந்தச் சறுக்கும் பரப்பில்தான் இறங்குகிறது. எனவே தேய்வதும் அங்கேதான். 'கிறீச்' என்று கத்துவதும் அங்கேதான்.

அந்தச் சத்தத்துக்கு மருந்து வண்டி மை. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டியோடு தொங்கவிட்டிருப்பார்கள். விளக்கெண்ணெய் மட்டும் போதாதா, கரி எதற்கு என்று கேட்கலாம். எண்ணெயை மட்டும் விட்டால் அது வழிந்து போய்விடும். நுண்ணிய கரித்தூள் அதைப் பிடித்து நிறுத்திக் களிம்பாக்குகிறது. இன்று கடையில் வாங்கும் கிரீஸும் இதே தத்துவம்தான். அதில் கரிக்குப் பதில் ஒருவகைச் சோப்பு எண்ணெயைப் பிடித்து நிறுத்துகிறது.

வண்டி மைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. குடத்தின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் மை, சாலைப் புழுதியைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு உள்ளே போகவிடாமல் தடுத்தது. வண்டிக்காரர் அவ்வப்போது சக்கரத்தைக் கழற்றி, அழுக்கு மையை வழித்தெறிந்துவிட்டுப் புது மை இடுவார். காவல் இருந்தது, ஆனால் காவலாளை நாள்தோறும் மாற்ற வேண்டியிருந்தது.

மரக்கட்டையைத் தள்ளிய எண்ணெய்

சறுக்கும் பரப்புகளுக்கு இடையே எண்ணெய் என்னதான் செய்கிறது? இதற்கு விடை ஒரு தற்செயலான நிகழ்ச்சியிலிருந்து கிடைத்தது. 1880-களில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் இரயில் அச்சுகளைத் தாங்கும் பேரிங்குகளைச் சோதித்து வந்தார். அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் நனைந்து சுழல, மேலே பித்தளைத் தாங்கி பளுவோடு உட்கார்ந்திருந்தது. மேலிருந்தும் எண்ணெய் ஊற்றலாம் என்று தாங்கியின் உச்சியில் அவர் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது! தக்கையால் அடைத்தார், தள்ளப்பட்டது. மரக்கட்டையை அறைந்தார், அதுவும் மெல்ல வெளியே வந்தது. அழுத்தமானியைப் பொருத்தியபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிற்று. தாங்கியின் மேல் இருந்த சராசரி அழுத்தமோ அதில் பாதிதான்.

சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, குறுகிய இடைவெளியில் ஆப்பு அறைவதுபோல் செருகுகிறது. அந்த ஆப்பே பளுவைத் தூக்கி நிறுத்துகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. 1886-இல் ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

பெண்ணாடத்தை அடுத்த இறையூரில் பல பருவங்கள் கரும்பு அரைத்த சர்க்கரை ஆலையை அப்பகுதி வாசகர்கள் அறிவார்கள். அத்தகைய ஆலைகளில் கரும்பைப் பிழியும் பெரிய உருளைகளின் அச்சுகளை வெண்கலத் தாங்கிகளில் சுழல விடுவதே நெடுநாளைய வழக்கம். ஆனால் எண்ணெய் ஆப்பு உண்டாக வேண்டுமானால் அச்சு சுழல வேண்டும். நிற்கும் அச்சின் அடியிலிருந்து எண்ணெய் பிதுங்கிப் போய்விடும். ஆகவே நின்ற வண்டியைக் கிளப்புவதுதான் எப்போதும் கடினம். இந்தக் குறையைத் தீர்க்க வந்தவைதான் குண்டுகள்.

உருண்டைகளின் ஊர்வலம்

சறுக்குவதைவிட உருள்வது எளிது என்பது பழைய அறிவு. இத்தாலியில் நேமி ஏரியின் அடியில் கிடந்த உரோமப் பேரரசன் காலிகுலா காலத்துக் கப்பல்களை 1929 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில் வெளிக்கொணர்ந்தபோது, ஒரு சுழலும் மேடையின் அடியில் வெண்கலக் குண்டுகள் வரிசையாக அமைந்திருக்கக் கண்டனர். லியோனார்டோ டா வின்சி 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குண்டுகளைக் கொண்ட தாங்கியைப் படமாக வரைந்தார். 1794-இல் வேல்ஸ் நாட்டு இரும்பு ஆலை அதிபர் பிலிப் வாகன், வண்டி அச்சுக்குக் குண்டுத் தாங்கி அமைப்பதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அவை பரவவில்லை. காரணம் எளிது: எல்லாக் குண்டுகளும் ஒரே அளவாக இல்லாவிட்டால், பெரிய குண்டு ஒன்றே பளு முழுவதையும் சுமந்து நொறுங்கிவிடும்.

பேரிங்கைப் பெருவாழ்வுக்குக் கொண்டு வந்தது இரயிலோ பீரங்கியோ அன்று, சைக்கிள். பாரிஸ் நகரத்து சைக்கிள் மெக்கானிக் ஜூல் சுரிரே 1869-இல் குண்டு பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த சைக்கிள் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் வென்றது அத்தகைய பேரிங்குகள் பூட்டிய வண்டியில்தான். 1883-இல் ஜெர்மனியின் ஷ்வைன்பர்ட் நகரில் பிரீட்ரிக் பிஷர், எஃகுக் குண்டுகளை ஒரே அளவாகவும் உண்மையான உருண்டையாகவும் அரைக்கும் இயந்திரத்தை அமைத்தார். இன்று நல்ல பேரிங் குண்டு ஒன்று முழு உருண்டையிலிருந்து கால் மைக்ரான்கூட விலகுவதில்லை. ஒரு மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான்.

சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்துத் துணியாலை ஒன்றில் ஸ்வென் விங்குவிஸ்ட் என்ற பொறியாளர் வேறொரு தொல்லையில் சிக்கியிருந்தார். ஆலை நின்ற தரை களிமண். தரை சற்றே அமுங்கினாலும் நீண்ட தண்டுகள் கோணலாகிப் பேரிங்குகள் உடைந்தன. 1907-இல் அவர் வெளி வளையத்தின் உட்புறத்தை ஒரு கோளத்தின் பகுதிபோல் குடைந்தார். தண்டு சாய்ந்தால் குண்டுகளும் உள் வளையமும் சேர்ந்தே சாய்ந்து கொடுத்தன. இதிலிருந்து பிறந்ததே எஸ்.கே.எஃப். நிறுவனம்.

இரண்டாம் உலகப் போரில் இந்தச் சிறு குண்டுகளுக்காக மனிதர்கள் பெருந்தொகையில் உயிர் இழந்தனர். ஜெர்மனியின் பேரிங் உற்பத்தியில் பெரும் பகுதி ஷ்வைன்பர்ட்டில் குவிந்திருந்தது. 1943 அக்டோபர் 14-ஆம் நாள் அந்நகரைத் தாக்கப் புறப்பட்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் 291. அவற்றில் 60 திரும்பவில்லை. பிரிட்டனோ சுவீடனிலிருந்து பேரிங்குகளை வேக விமானங்களில் இரவோடிரவாக எடுத்து வந்தது. நம் நாட்டில் 1946-இல் ஜெய்ப்பூரில் தொடங்கப்பட்ட ஆலை 1950-இல் முதல் இந்தியப் பேரிங்கைச் செய்து தந்தது.

தோல் தந்த காவலாள்

இவ்வளவு நுட்பமாகக் குண்டைச் செய்த மனிதனுக்கு ஒரு சங்கடம் காத்திருந்தது. ஓடும் பேரிங்கில் குண்டுக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள எண்ணெய்ப் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவானது. வண்டல் மண்ணின் ஒரு துகளோ 2 முதல் 60 மைக்ரான் வரை இருக்கும். வைக்கோல் மெத்தையில் பாறாங்கல் விழுந்தால் எப்படி இருக்கும், எண்ணிப் பாருங்கள். துகள் நசுங்கும்போது கண்ணாடி போன்ற எஃகில் குழி விழும். அக்குழியின் விளிம்பிலிருந்து செதில் செதிலாகப் பெயரும். தண்ணீர் புகுந்தால் படலம் உடைந்து துருவும் ஏறும். மரக் குடம் புழுதியைப் பொறுத்தது, குண்டு பொறுக்கவில்லை. தாங்கி நுட்பமாக ஆக ஆகக் காவலும் நுட்பமாக வேண்டியதாயிற்று. பேரிங்கின் வரலாற்றை எழுதுவோர் குண்டைத்தான் புகழ்கிறார்கள். என் கருத்தில் பாதிப் புகழ் காவலாளைச் சேர வேண்டும்.

தொடக்கத்தில் கம்பளித் திண்டையும், எண்ணெயில் ஊறிய தோல் வளையத்தையும் தண்டைச் சுற்றி அமுக்கி வைத்தார்கள். ஜெர்மனியில் வைன்ஹைம் நகரின் பிராய்டன்பர்க் நிறுவனம் அடிப்படையில் ஒரு தோல் பதனிடும் ஆலை. 1930-களின் தொடக்கத்தில் அங்கே வால்டர் சிம்மர் என்ற பொறியாளர், தோல் வளையத்தை உலோகக் கூட்டுக்குள் பொருத்தி அழுத்திச் செருகும்படியான சீலை உருவாக்கினார். சில ஆண்டுகளில் தோலின் இடத்தைச் செயற்கை ரப்பர் பிடித்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் ஊறும் வாடையை அறிந்த நமக்கு, காரின் ஆயில் சீலும் அந்தத் தொட்டியில் பிறந்தது என்பது வியப்பாகவே இருக்கும்.

ஒரு பழைய ஆயில் சீல் கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே தகட்டு வளையம். உள்ளே கூர்மையான ரப்பர் உதடு. உதட்டின் முதுகில் மெல்லிய சுருள் வில் ஒன்று அதைத் தண்டோடு அணைத்துப் பிடிக்கிறது. உதடு தண்டைத் தொடுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் சுழலும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு மைக்ரான் அளவிலான எண்ணெய்ப் படலம் இருக்கிறது. பிறகு எண்ணெய் ஏன் வெளியே வழிவதில்லை? உதட்டின் இரு சரிவுகளும் சமமானவை அல்ல. எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாகவும் காற்றுப் பக்கம் சாய்வாகவும் இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வினால், தப்பி வரும் எண்ணெயைச் சீல் உள்ளேயே திருப்பி இறைக்கிறது. சீலைத் திருப்பிப் போட்டால் அதே இறைப்பு எண்ணெயை வெளியே தள்ளும். வில் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும் என்று பட்டறையில் சொல்வது வெறும் பழக்கமன்று.

வயலும் பனியும்

இப்போது நம் சுழல் கலப்பைக்கு வருவோம். ஆர்தர் கிளிப்பர்ட் ஹோவர்ட் என்ற ஆஸ்திரேலிய உழவர் மகன் 1912-இல் தொடங்கிய சோதனைகளிலிருந்து வளர்ந்தது அது. அவர் உழுதது உலர்ந்த நிலம். நம் கலப்பையோ முழங்கால் சேற்றில் சுழல்கிறது. பக்கவாட்டில் பல்சக்கரங்களோ சங்கிலியோ ஓடும் எண்ணெய்ப் பெட்டி. அதிலிருந்து குறுக்கே போகும் அச்சு. இரு முனையிலும் பேரிங். பேரிங்குக்கும் சேற்றுக்கும் நடுவே நிற்பது சீல் மட்டுமே.

இதே அமைப்பை இமயத்தின் பனியிலும் காணலாம். சியாச்சின் பகுதியில் நம் இராணுவத்தார் பனி ஸ்கூட்டர்களைப் பயன்படுத்துகிறார்கள். கனடாவின் குவிபெக் மாநிலத்தில் வால்கூர் என்ற ஊரில் பொம்பார்டியே என்ற மெக்கானிக், 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பனி மூடிய பாதையில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல முடியாமல் தம் இளம் மகனைப் பறிகொடுத்தார். பனியில் ஓடும் வண்டியைச் செய்வதே அவர் வாழ்வாயிற்று. 1937-இல் அவரது பல்சக்கரப் பட்டை அமைப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. 1959-இல் சிறிய பனி ஸ்கூட்டர் விற்பனைக்கு வந்தது. அதன் பட்டையை ஓட்டும் தண்டும் ஒரு முனையில் சங்கிலிப் பெட்டியின் எண்ணெயிலும், மறுபுறம் தூவும் பனியிலும் சுழல்கிறது. அங்கே பனி, இங்கே சேறு. நடுவில் அதே ரப்பர் உதடு. ஒரு வேறுபாடு உண்டு. சாதாரண நைட்ரைல் ரப்பர் பூச்சியத்துக்குக் கீழே 30, 40 டிகிரியில் விறைத்துத் தண்டை விட்டு விலகும். ஆகவே கடுங்குளிருக்கு வேறு வகை ரப்பர் தேவைப்படுகிறது.

நீர் உள்ளே புகும் வழி ஒன்று விந்தையானது. உழுது சூடேறிய எண்ணெய்ப் பெட்டி, குளிர்ந்த வாய்க்கால் நீரில் இறங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அழுத்தம் குறைகிறது. வெளியிலிருக்கும் நீரை அது உதட்டின் வழியே உறிஞ்சுகிறது! இதைத் தடுக்கவே பெட்டியின் மேல் ஒரு சிறு மூச்சுத் துளை வைக்கிறார்கள். அத்துளை சேற்றால் அடைபட்டால் புதுச் சீலும் பயன் தராது. வேலை முடிந்த வண்டியை வேகமான நீர்ப்பீச்சலால் கழுவுகிறவர்கள் சீலின் மேல் நேராக அடிப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். சேற்றைக் கழுவுவதாக எண்ணி அதை உள்ளே அனுப்புகிறார்கள்.

மெக்கானிக் வேலையைத் தொடங்குகிறார். பழைய சீலைப் பெயர்த்ததும் அவர் பேரிங்கைப் பார்ப்பதில்லை. தண்டைத் துடைத்து, சீல் உட்கார்ந்த இடத்தில் நகத்தை வைத்து உரசுகிறார். நகம் ஒரு பள்ளத்தில் தட்டுகிறது. மென்மையான ரப்பர் கடினமான எஃகை அறுத்திருக்கிறது! உதட்டில் ஒட்டிய மணல் துகள்கள் சாணைக்கல்லாக வேலை செய்ததன் விளைவு இது. அந்தப் பள்ளத்திலேயே புதுச் சீலின் உதடு அமர்ந்தால் எண்ணெய் கசியும். மெல்லிய உலோக உறையைத் தண்டின்மேல் செருகலாம். இடமிருந்தால் சீலைச் சற்றே தள்ளி அமர்த்தலாம். இரண்டும் முடியாவிட்டால் தண்டையே மாற்ற வேண்டும்.

பேரிங்கின் முகத்தில் பொறித்த எண்ணைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். 6205 என்றால் முதல் 6 ஒற்றை வரிசைக் குண்டு பேரிங் என்பதையும், 2 அதன் பருமன் வரிசையையும் குறிக்கும். கடைசி இரண்டு இலக்கங்களை 5-ஆல் பெருக்கினால் தண்டின் விட்டம்: 25 மில்லி மீட்டர். பின்னால் '2ஆர்எஸ்' என்றிருந்தால் பேரிங்கின் இரு முகத்திலும் ரப்பர் மூடி உண்டு. பனி ஸ்கூட்டருக்கும் சிறு மின்மோட்டாருக்கும் அதே எண் பொருந்துவது இந்தப் பொது அளவுமுறையின் நன்மை.

பொருத்தும்போது ஒரே விதி. தண்டில் இறுக்கமாக ஏறும் பேரிங்கை உள் வளையத்தில் மட்டுமே தட்ட வேண்டும். கூட்டில் இறுக்கமாக அமரும் பேரிங்கை வெளி வளையத்தில் மட்டுமே. மாற்றித் தட்டினால் அடி குண்டுகளின் வழியே பாய்ந்து, ஒவ்வொரு குண்டும் வளையத்தில் ஒரு குழியைப் பதித்துவிடும். புதுப் பேரிங் முதல் நாளே முனகுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மூடியில்லாத பேரிங்கை எண்ணெயில் 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால், அது விரிந்து தட்டாமலே ஏறும். சீலைச் செருகுமுன் உதட்டில் கிரீஸ் தடவி, தண்டின் சாவிக்காடியை ஒட்டுநாடாவால் மூட வேண்டும். அக்காடியின் கூர் விளிம்பு உதட்டை ஒருமுறை கீறினாலே போதும், செய்த வேலை வீண்.

களிமண் ஊரின் உறவு

விருத்தாசலத்துக்கும் இக்கதைக்கும் ஒரு சொந்தம் உண்டு. அந்த ஊர் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. பொம்மைகள், அகல் விளக்குகள், மின்சார ஃபியூஸ் கம்பியைத் தாங்கும் வெள்ளைக் கட்டைகள் ஆகியவை அங்கே சூளையேறி வருகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கு உண்டு. ஃபியூஸ் கட்டைக்கு ஏன் பீங்கான்? மின்சாரத்தை அது கடத்தாது, சூட்டையும் தாங்கும்.

இதே காரணத்துக்காக இப்போது பேரிங் குண்டுகளையும் பீங்கான் இனப் பொருளில் செய்கிறார்கள். மின்சார வண்டிகளின் மோட்டார்களில் தண்டின் வழியே கசியும் மின்னோட்டம், எஃகுக் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே பொறியாகத் தாவி வளையத்தில் வரிவரியாக அரித்துவிடுகிறது. சிலிக்கான் நைட்ரைடு குண்டைப் போட்டால் மின்னோட்டத்தின் வழி அடைபடுகிறது. இது வயல் களிமண் அன்று. தூளை அழுத்தி, நைட்ரஜன் வாயுவில் 1,700 டிகிரியும் அதற்கு மேலும் சுட்டு எடுப்பது. எஃகின் அடர்த்தி 7.8 என்றால் இதற்கு 3.2. எஃகைவிடக் கடினம்; துருவே கிடையாது. அமெரிக்காவின் விண்வெளி ஓடத்தில் திரவ ஆக்சிஜனை எஞ்சினுக்குத் தள்ளிய பம்புகளிலும் இத்தகைய குண்டுகள் சுழன்றன.

ஆனால் அப்படிப்பட்ட மோட்டார் பேரிங் ஒன்றை வாங்கி அதன் முகத்தைப் பாருங்கள். பீங்கான் குண்டுகள் வெளியே தெரியமாட்டா. இரு பக்கமும் பெரும்பாலும் கறுப்பு ரப்பர் மூடியே இருக்கும். உள்ளே இருக்கும் வளையங்கள் இன்னும் எஃகுதான். புழுதியும் நீரும் அவற்றை இன்னும் விடுவதில்லை.